முரும் கீரையும் தவறவிட்ட கடைசி பஸ்ஸும்

முதலில் அந்த டாக்சிக்காரரைத் திட்டிவிடுகிறேன். மொரீஷியஸின் தென்கோடியில் இருக்கிற சுயாக்கிலிருந்து ரோஸ் ஹில்லுக்கு இரண்டாயிரம் ரூபாய் கேட்டார். அந்த ஊர் ரூபாய், நம்முடையதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இருட்டினால் கிராமத்துப் பக்கம் பஸ் அடங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கெஞ்சிக் கூத்தாடி ஆயிரத்து எண்ணூறுக்கு இறக்கினேன். எண்ணிக் கொடுத்த தாள் ஒவ்வொன்றிலும் தமிழ் எழுத்து. 1998இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்த நோட்டுகளைச் சண்டை போட்டே திரும்பப் பெறவைத்த ஊர் இது. தமிழ் நோட்டைக் கொடுத்து ஏமாந்ததில் ஒரு அற்ப சந்தோஷம்.

சுயாக் போனது எழுதத்தான். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய ஒரு பாட்டியின் கதை, நாலு மாதமாக ஏழாம் பக்கத்திலேயே நிற்கிறது. ராபர்ட் எட்வர்ட் ஹார்ட் என்ற கவிஞர் பவளக்கல் வீட்டில் கடலைப் பார்த்தபடி எழுதிய ஊர் என்றார்கள். 1841இல் இருபது வயது போதலேர், பிரெஞ்சுக் கவிஞர், இந்தத் தீவில் சில நாள் தங்கிய ஞாபகத்தை ஆயுசுக்கும் கவிதையாக்கினார். எனக்கும் ஏதாவது தட்டாதா?

தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை, சுயாக்கின் கிரி-கிரி கடற்கரையில் விட்டுப்போகிறது. அலை நேராகக் கரைப்பாறையில் வந்து மோதுகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நோட்டில் எழுதியது: ‘அலை பெரிசு.’ பஸ் போனது அப்போதுதான்.

வழியில் க்யூர்பிப்பில் தின்ற தால் பூரி மட்டும் இல்லையென்றால் அழுதிருப்பேன். பருப்புத் தூளை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிசு பூரி, ஜோடியாகத்தான் தருவார்கள். மேலே மொச்சை மாதிரி ஒரு பெரிய பயறுக் குழம்பு, தக்காளித் தொக்கு, மிளகாய். காகிதத்தில் சுருட்டியதை நின்றபடி கடித்தால் முழங்கை வரை வழியும். மூன்று ஜோடி தின்றேன். போதவில்லை.

வீடு சேரும்போது எட்டு மணி. தங்கியிருந்த வீட்டு அம்மா சாப்பாடு எடுத்து வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் பேச வராது, பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்த ஊர்ப் பேச்சான கிரியோல்தான். மகன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சோறு, ‘ராசோன்’, ஒரு கீரை. ராசோன் நம் ரசமேதான், புளி தூக்கல். கீரையைக் காட்டி, “ப்ரெட் முரும்” என்றார் அம்மா. ப்ரெட் என்றால் அங்கே கீரை. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது.

“முருங்கைக் கீரையா?”

“ஆமாங்க ஐயா, முருங்கை. அம்மாவுக்கு முரும்தான்” என்றார் மகன்.

மொழி போய்விட்டது, கீரை போகவில்லை. என் கதையில் அந்தப் பாட்டியின் கொள்ளுப்பேத்தி பக்கம் பக்கமாகச் செந்தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரியே அவள் வசனம் அத்தனையையும் அடித்தேன். இப்போது அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் அடுப்படியில் இருக்கிறது. கதை பதினோராம் பக்கம் வந்துவிட்டது.

சுயாக் போகிறவர்கள் நாலரை மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். மிச்சமாகும் ஆயிரத்து எண்ணூறுக்குத் தால் பூரி தின்னலாம்.