எண்ணெய் தொடாத கைகள்

"சட்டையைக் கழற்ற வேண்டாம், அப்படியே படுங்க" என்று அந்த ஷிஃபூ, உடம்பு பிடிக்கும் ஆசான், சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் தொடாமல் உடம்பு பிடிப்பதா? ஷாங்காயின் ஈரக்குளிரில் தோள்பட்டை இறுகி, கையைத் தூக்க முடியாமல் இருந்த நேரம். பக்கத்து வீட்டு அம்மாதான் கூட்டிப்போனார். பார்வையற்றவர்கள் நடத்தும் கடை. சீனாவில் இப்படி ஊர் ஊருக்கு உண்டு. 1950களிலிருந்தே அவர்களுக்கு இந்தத் தொழிலை முறையாகக் கற்றுத்தருகிறார்கள்.

முதுகில் ஒரு பருத்தித் துணியை விரித்தார். முதுகுத்தண்டை ஒட்டி விரல்நுனியால் தடவிக்கொண்டே வந்தவர், நான் வாயைத் திறக்கும் முன்பே வலிக்கிற இடத்தில் நின்றுவிட்டார். பிறகு சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையைத் தோளில் பதித்து, மணிக்கட்டை முன்னும் பின்னும் உருட்ட ஆரம்பித்தார். தோலில் உராய்வே இல்லை, ஆழத்தில் மட்டும் அழுத்தம். துய்னா என்னும் சீனக் கைவைத்தியத்தில் இந்த உருட்டல் ஷாங்காய்க்கே உரியது. டிங் ஜிஃபெங் என்பவர் 1940களில் உருவாக்கியது. படிக்கிற பிள்ளைகள் அரிசியோ மணலோ நிரப்பிய சின்னப் பையில் உருட்டி உருட்டிப் பழகிய பிறகுதான் ஆள்மேல் கை வைக்க விடுவார்களாம்.

எண்ணெயைக் கண்ணால் பார்த்தது, தகட்டால் முதுகைச் சுரண்டி இழுக்கும் குவா ஷாவின்போதுதான். அதுவும் எருமைக்கொம்புத் தகடு வழுக்குவதற்கு நாலு சொட்டு. முதுகு சிவந்து தடித்தது, சில நாளில் தானாக மறைந்தது. கிண்ணத்தை ஒட்டவைத்துத் தோலை உறிஞ்சும் கப்பிங் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் பெல்ப்ஸ் தோளில் உலகமே பார்த்த அந்த வட்டங்கள் என் முதுகுக்கு வேண்டாம்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. சட்டையோடு படுக்கிறேன், முடிந்ததும் வெந்நீர் குடிக்கிறேன், கழுத்தில் காற்றுப் படாமல் துணி சுற்றிக்கொண்டு வெளியே வருகிறேன். பிள்ளை பெற்றவளைக் காற்றுப் படாமல் பொத்திவைக்கும் நம் வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் பிடரிக்குழியில், ஃபெங்ச்சி என்று இங்கே சொல்லும் இடத்தில், அவர் கட்டைவிரல் அழுந்தும்போது மட்டும் நான் ஷாங்காயில் இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை, முற்றத்தில் மணைக்கட்டை, உச்சியில் வைத்துத் தேய்க்க ஆச்சி காய்ச்சி வைத்த நல்லெண்ணெய். இங்கே கிடைப்பது வறுத்த எள்ளின் எண்ணெய். குழம்பில் விடலாம், தலையில் வைக்க முடியாது.

எனக்குப் பெரிய ஆற்றாமை வேறு. எங்கள் தெருவில் இரட்டைப் பிள்ளை பெற்ற அத்தை ஒருத்தி இருந்தாள். சுளுக்கு என்றால் எல்லோரும் அவளிடம்தான் ஓடுவோம்; அவள் வழித்துவிட்டால் மறுநாள் நடக்கலாம். அவளோடு அந்தக் கைப்பழக்கமும் போயிற்று. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் தொக்கணம் என்ற உடம்பு பிடிக்கும் முறை பாடமாக இருக்கிறது, ஒன்பது வகை சொல்லியிருக்கிறது. ஆனால் கழுத்து பிடித்துக்கொண்டால் நடந்து போக எங்கள் தெருவில் ஒரு கடை இல்லை. இங்கே பாரம்பரிய மருத்துவமனையில் துய்னாவுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் பட்டம் தருகிறார்கள், எங்கள் சந்திலும் கடை இருக்கிறது.

ஷிஃபூவிடம் இப்போது ஒரு பையன் தொழில் பழக வந்திருக்கிறான். போன வாரம் என் இடது தோளை அவனிடம் விட்டார். கொஞ்சம் முரட்டுக் கை. மூன்று தடவை நிறுத்தி, மணிக்கட்டைத் தளர்த்தச் சொல்லித் திரும்பச் செய்யவைத்தார்.