பூட்டுன ரூம்ல ஓடுற ஃபேன்

போன மாசம் காய்ச்சல்னு ரெண்டு நாள் காலேஜ் போகாம ஹாஸ்டல்லயே படுத்திருந்தேன். மத்தியானம் தண்ணி பிடிக்க காரிடார்ல நடந்து போனா, பூட்டுன ரூமுக்குள்ளேருந்து ஃபேன் ஓடுற சத்தம், ஒண்ணு ரெண்டு இல்ல, எண்ணிப் பாத்தேன், எங்க ப்ளாக்ல இருக்குற 48 ரூம்ல 19.

பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு 75 வாட்ஸ், காலைல 9லேருந்து சாயங்காலம் 4 வரைக்கும் ஓடுனா அரை யூனிட்டுக்கு மேல ஆகும், அப்போ 19 ஃபேனுக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 10 யூனிட். வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீன்னு அம்மா மீட்டரையே பாத்துட்டு இருப்பாங்க, அந்த நூறு யூனிட்ட நாங்க பத்தே நாள்ல ஆளில்லாத ரூமுக்கு காத்து வீசியே தீத்துடுறோம். மெஸ் பில் மொத்தச் செலவ எல்லாரும் பங்கு போட்டுக்குற டிவைடிங்ல வர்றதால இருநூறு ரூவா கூடுனா உடனே போய் கேக்குறோம், ஆனா கரண்ட் காசு ஹாஸ்டல் ஃபீஸோடயே சேந்துடுது, அந்த பில்ல ஒருத்தரும் பாத்ததில்ல. வார்டன்கிட்ட சொன்னேன், இப்போ தினமும் மத்தியானம் எண்ணி நோட்டீஸ் போர்டுல நம்பர் மட்டும் எழுதுறோம், யார் ரூம்னு எழுதுறதில்ல. நேத்து 6.

அன்னிக்கு இன்னொண்ணும் பாத்தேன், அதுதான் மனச விட்டுப் போக மாட்டேங்குது. எங்க ப்ளாக் கூட்டுற அக்கா மாடிப்படிக்குக் கீழ உக்காந்து எங்க குப்பைய கையாலயே பிரிச்சிட்டு இருந்தாங்க. சாம்பார் ஊறுன பேப்பர், பால் கவர், உடைஞ்ச கண்ணாடி வளையல், சுத்தாம அப்படியே போட்ட நாப்கின், எல்லாம் ஒரே கூடைல. க்ளவுஸ் இல்ல. 2016லயே திடக்கழிவு விதில ஈரக் குப்பை, காஞ்ச குப்பை தனித்தனியா போடணும், நாப்கின நல்லா சுத்திக் கொடுக்கணும்னு வந்தாச்சு, இத நாங்க எக்ஸாம்ல எழுதி மார்க்கே வாங்கிருக்கோம்!

இப்போ ஒவ்வொரு ஃப்ளோர்லயும் ரெண்டு ட்ரம் வச்சிருக்கோம். நாப்கினுக்கு தனிக் கூடை, பக்கத்துலயே பழைய நியூஸ்பேப்பர் கட்டு, அதுல சுத்திட்டு மேல செவப்பு ஸ்கெட்ச்ல ஒரு கோடு போட்டா போதும், அக்காவுக்குத் தெரிஞ்சிடும். காஞ்ச பேப்பர் தனியா வந்ததும் பழைய பேப்பர் கடை அண்ணனே வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போறாரு, ஈரம் பட்டது மட்டும் தொடவே மாட்டாரு. முதல் தடவ வந்த காசுல அக்காவுக்கு நல்ல ரப்பர் க்ளவுஸ் ரெண்டு ஜோடி வாங்கினோம்.

ஃபைனல் இயர் அக்காஸ், உங்க ரெக்கார்ட் நோட்டெல்லாம் இன்னும் கட்டில் அடியிலதான் கிடக்கு, ஸ்பைரல் கம்பிய உருவிட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள கீழ கொண்டு வந்துடுங்க, திங்கக்கிழமை காலைல அண்ணன் வர்றாரு.