முதலில் கேட்டவள்

ஜூன் 20

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. திருகோணமலை டச்சு பே கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. ஆனால் இந்த மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத்தான் போகும், நமக்குக் கிடைப்பது சூடு மட்டும். சிறுநீரகம் பழுதான எனக்கு டொக்டர் ஒரு நாளைக்கு விட்டிருப்பது 750 மில்லிலீட்டர் தண்ணி. தேத்தண்ணி, சொதி, மாத்திரை விழுங்குகிற தண்ணி எல்லாம் அதற்குள்ளேதான். காலையில் அளந்து போத்தலை மேசையில் வைத்துவிடுவேன். பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வேலை.

அந்த வேலையிலிருந்து தப்பத்தான் மகள் பென்டிரைவில் போட்டுத் தந்த கொரிய நாடகத்தை ரீவியில் செருகினேன். 'டே ஜாங் கம்'. 2003இல் தொடங்கி அடுத்த வருடம் முடிந்த தொடர், 54 பாகம்.

அரண்மனைச் சமையலறையில் சேர்ந்த சின்னப் பிள்ளைகளுக்கு இறைச்சியைக் கொடுத்து, இனிப்புக்கு என்ன போட்டிருக்கிறது என்று பெரியம்மா ஒருத்தி கேட்கிறா. மற்றப் பிள்ளைகள் சீனி என்று நிற்க, கதாநாயகி ஜாங்கம் மட்டும் பேர்சிமன் பழம் என்கிறாள். எப்படித் தெரியும்? அந்தப் பழத்தின் ருசி வந்தது, அதனால் அதுதான் என்று நினைத்தேன் என்கிறாள். மனையியல் ஆசிரியையாக 'காரணம் தருக' கேள்விக்கு இப்படி ஒரு விடை வந்திருந்தால் அரைப் புள்ளிதான் போட்டிருப்பேன். பெரியம்மாவோ அசந்துபோய் நிற்கிறா.

இரவு பதினொரு மணிக்கு இவர் வந்து ரீவியை நிப்பாட்டினார்.

ஜூன் 24

இந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஜாங்கத்தை வளர்க்கிற ஹான் அம்மா, குடிக்கத் தண்ணி கொண்டு வா என்கிறா. கொண்டுவந்தால், இது இல்லை, நாளைக்குத் திரும்பக் கொண்டு வா. பிள்ளை எப்படி எப்படியோ கொண்டுவந்து பார்க்கிறாள், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் கேட்கிறாள்: வயிறு நோகுதா? இன்றைக்கு வெளிக்குப் போனீங்களா? தொண்டை நோகுதா? தொண்டை அடிக்கடி நோகும் என்கிறா ஹான் அம்மா. உடனே வெதுவெதுப்பான தண்ணியில் கொஞ்சம் உப்புக் கலந்து கொடுத்து, தேத்தண்ணி குடிக்கிற மாதிரி மெதுவாகக் குடிக்கச் சொல்கிறாள். கிண்ணத்தில் வார்த்தால் தண்ணியும் சாப்பாடுதான், அதைக் குடிக்கப் போகிறவர் எப்படி இருக்கிறார் என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது பாடம்.

எனக்கு உப்பும் கூடாது, தண்ணியும் கூடாது. ஆனாலும் நிப்பாட்டிவிட்டு, போத்தலில் மிச்சமிருந்ததில் ஒரு மிடறு வாயில் எடுத்து, நாக்கைச் சுற்றவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. இளநீர், வாழைப்பழம், தோடம்பழம். மூன்றிலும் பொட்டாசியம். பழுதான சிறுநீரகம் அதைக் கழிக்காது. இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். மனம் நல்ல மனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு பேரில் ஒருவராவது "அக்கா, உங்களுக்கு இது சாப்பிடலாமோ?" என்று கேட்டுவிட்டு வாங்கியதில்லை.

ஜூன் 28

மெஷினில் இரத்தம் சுத்தம் செய்கிற டயலிசிஸ் நாள். கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம். இடது கையில் நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்த இடத்தில் விரலை வைத்தால் மடியில் படுத்த பூனை போல உறுமிக்கொண்டிருக்கும். அது ஓய்ந்தால்தான் பயப்படவேண்டும். ஊசி ஏறினபிறகு அந்தக் கையை மடக்கக்கூடாது, அதனால் போனைத் தலையணையில் சாய்த்துவைத்துப் பார்த்தேன்.

நேர்ஸ் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஆ! சுஜாத தியணி!" என்றாள். சிங்களத்தில் அந்தப் பெயரில் ரூபவாஹினியில் போனதாம். அந்த நேரம் அவளுடைய அம்மா அடுப்புப் பக்கமே போகமாட்டாவாம். பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா நானா. "என்ன தங்கச்சி அது, எனக்கும் காட்டுங்களன்" என்றார். பிறகு ஒரே கூத்து. படம் கொரிய மொழியில், எழுத்து இங்கிலிஷில், நேர்ஸ் சிங்களத்தில் முந்திக்கொண்டு சொல்ல, நான் நானாவுக்குத் தமிழில் சொன்னேன். மெஷின் சத்தம் போட்டபோதுதான் அவளுக்கு வேலை நினைவு வந்தது. "முடிவைச் சொல்லிப்போடாதையம்மா" என்று கும்பிட்டு அனுப்பினேன்.

ஜூலை 3

கால் வீக்கம். எழுத ஏலாது. இவர் எனக்குத் தெரியாமல் முன்னுக்குப் பார்க்கிறாரோ என்று சந்தேகம். கதையின் வில்லி சோய் அம்மா வாயைத் திறக்கும் முன்னமே இவர் அவவை ஏசுகிறார்.

ஜூலை 6

ஜாங்கத்துக்கு நாக்கில் ருசி போய்விட்டது. சமையல்காரிக்கு! ருசி பார்க்காமல் சமை என்கிறா ஹான் அம்மா. உனக்கு ருசியை மனதில் வரைகிற திறமை இருக்கிறது என்கிறா. (பிறகு தேனீயைக் கொட்டவிட்டுச் சுகமாக்குகிறார்கள். அதை நான் நம்பவில்லை.)

யூரியா ஏறினால் எனக்கும் வாயெல்லாம் இரும்பு. எதைத் தின்றாலும் பழைய சாவியை நக்கின மாதிரி. இன்றைக்கு மருமகள் பாரை மீன் சொதி வைத்தாள். உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணியில் அவித்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுத்தான் சேர்ப்பாள். பொட்டாசியம் கொஞ்சம் குறையும். குசினி வாசலில் கதிரையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

"வெந்தயம் சிவந்திட்டுது, வெங்காயத்தைப் போடு."

"மாமி, பார்க்காம எப்பிடிச் சொல்றீங்க?"

"கறுக்கப்போகுது பிள்ளை, முதல்ல போடு."

பாலை விட்டு, கொதிக்க முன்னம் இறக்கி, தேசிக்காய் பிழிந்தாள். உப்புக் குறைத்த சொதியை அந்தப் புளிதான் தூக்கிக் கொடுத்தது. நாக்குக்குத் தெரிந்ததா, மூக்குக்குத் தெரிந்ததா தெரியாது, கோப்பை காலியானது. தண்ணிக் கணக்கில் 100 மில்லிலீட்டர் கழித்துக்கொண்டேன்.

ஜூலை 11

கதை இதுவரை பார்க்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள். ஹான் அம்மா செத்துப்போனா. பழி சுமத்தி, ஜேஜு தீவுக்கு நாடு கடத்துகிற வழியில், ஜாங்கத்தின் முதுகிலேயே. இவர் எழும்பி, "கேற்றைப் பூட்டிட்டு வாறன், மான் வந்து செடியைத் தின்னும்" என்று வெளியில் போனார். கேற் ஆறு மணிக்கே பூட்டியாச்சு.

பின்னேரம் வந்த மச்சாளின் கையில் நெருஞ்சில் கசாயம், ஒரு போத்தல் நிறைய. வீட்டில் என்ன ஓடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தக் கொரியாக்காரியே மூலிகையாலதானே சுகப்படுத்துறாள்?"

"அவள் குடுக்கிறதுக்கு முதல் நாடி பிடிச்சுப் பார்க்கிறாள் மச்சாள்."

முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணி கொடுத்து இருத்தினேன். இரண்டு பாகம் பார்த்துவிட்டுத்தான் போனா. கசாயம் முருங்கையடிக்குப் போனது.

ஜூலை 19

முடித்துவிட்டேன். சமையலறைப் பாதிதான் தங்கம். ஜாங்கம் வைத்தியராகிற மற்றப் பாதியில் அவள் தொட்டதெல்லாம் துலங்குகிறது. அவளுக்குப் பிடிபடாத வருத்தமே இல்லை. என்னைப் போல மாறாத வருத்தக்காரிக்கு அந்த ஊரில் கட்டில் இல்லை.

பிறகு தேடி வாசித்தேன். ஜாங்கம் உண்மையில் இருந்தவள். பழைய கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் அரச குறிப்பேடுகளில் அவளைப் பற்றிச் சில வரிகள் மட்டும் உண்டு, சமையலறைக் கதை முழுதும் கற்பனை. 1506 முதல் 1544 வரை ஆண்ட ஜுங்ஜோங் அரசர் கடைசிக் காலத்தில், என் வருத்தம் பெண் வைத்தியருக்குத் தெரியும் என்று சொன்னதாக அதில் இருக்கிறது. ஆண் வைத்தியர்கள் சுற்றி நின்ற அரண்மனையில் அப்படிச் சொல்ல வைத்தவள் என்னென்ன கேட்டிருப்பாள் என்றுதான் யோசிக்கிறேன்.

இன்றைக்கு வார்ட்டில் நானா காத்திருந்தார். பென்டிரைவைப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன், 26ஆம் பாகத்தில் நிற்கிறாராம். "ஹான் அம்மா தப்பிடுவாவா தங்கச்சி?" நேர்ஸ் பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு ஊசியை எடுக்கத் திரும்பினாள்.

"வீட்டை போய்ப் பாருங்க நானா. தனியப் பார்க்காதீங்க, மாமியையும் பக்கத்தில இருத்திக்கொண்டு பாருங்க" என்றேன்.