ஃபேக்டோரியோவில் இரும்பு ஏன் எப்போதும் பத்தாது

ஃபேக்டோரியோ என்பது தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டு. அதை ஆடுகிறவர்கள் அதற்கு, 'கிராக்' என்ற போதைப்பொருளின் பேரை ஒட்டி, 'கிராக்டோரியோ' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். பேர் பொருத்தம்தான், ஆனால் காரணத்தை அநேகமாகத் தப்பாகச் சொல்கிறார்கள். இதில் லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் திறக்கும் பரிசுப்பெட்டி, கிடையாது. தினமும் வந்து தலை காட்டினால் பரிசு என்பது கிடையாது. பிராகைச் சேர்ந்த வூப் சாஃப்ட்வேர் 2020 ஆகஸ்டில் இதன் முழு வெர்ஷனை வெளியிட்டது. தள்ளுபடி விற்பனையே கிடையாது என்பதைக் கொள்கையாகவே அறிவித்துவிட்டார்கள். வலை வீசி ஆள் பிடிக்கும் வேலை எதுவும் இல்லாமலே ஒருவரை விடிய விடிய உட்கார வைப்பது இரும்புக் கணக்கு.

ஆட்டத்தில் ஆராய்ச்சி செய்யச் செலவாகும் பொருள் சயின்ஸ் பேக். சிவப்பு சயின்ஸ் பேக் ஒன்றுக்கு ஒரு செம்புத் தகடும் ஒரு கியரும் வேண்டும். கியருக்கு 2 இரும்புத் தகடு, ஆக மொத்தம் 2 இரும்பு. பச்சைக்கு ஒரு இன்சர்ட்டரும் (பொருளை எடுத்து வைக்கும் இயந்திரக் கை) ஒரு கன்வேயர் பெல்ட் துண்டும். அந்த இரண்டையும் அடிவரை பிரித்துக் கூட்டினால் 5.5 இரும்பு. நீலத்துக்கு என்ஜின் வேண்டும், என்ஜினுக்கு ஸ்டீல் வேண்டும், ஒரு ஸ்டீலுக்கு 5 தகடு போகும். ரெட் சர்க்யூட் என்ற மின்னணு பாகத்தையும் சேர்த்தால் நீலப் பேக் ஒன்றுக்கு 12 இரும்பு. படிக்குப் படி தேவை இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. மூன்று நிறமும் சேர்ந்த ஒரு செட்டுக்கு 19.5 இரும்பு. நிமிடத்துக்கு 45 செட் என்று வைத்தால் விநாடிக்கு 14.6 தகடு. மஞ்சள் பெல்ட் ஒன்று நிரம்ப ஓடினால் விநாடிக்கு 15. அதாவது ஆராய்ச்சி ஒன்றே முழு பெல்ட்டையும் தின்றுவிடும். புது மெஷின், தண்டவாளம், துப்பாக்கிக் குண்டு எதற்கும் மிச்சம் இருக்காது.

"சரி, இன்னொரு பெல்ட் போட்டுவிடலாம்" என்று தோன்றும். அங்கேதான் இரவு தொலைகிறது.

ஒரு பெல்ட் இரும்புக்கு எலெக்ட்ரிக் டிரில் 30, கல் அடுப்பு 48. டிரில் விநாடிக்கு அரை தாது எடுக்கும், கல் அடுப்பில் ஒரு தகடு வேக 3.2 விநாடி ஆகும். இந்த இரண்டு எண்ணும் எல்லோருக்கும் தெரியும். தப்பு நடப்பது அடுப்பை வைக்கும் விதத்தில். பெல்ட்டில் இரண்டு லேன் உண்டு, லேனுக்கு 7.5. இன்சர்ட்டர் எப்போதும் தனக்கு அப்பால் இருக்கும் லேனில்தான் பொருளைப் போடும். 48 அடுப்பையும் பெல்ட்டின் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தால் ஒரு லேன் நிரம்பி வழியும், மற்றது காலியாகப் போகும், பாதி அடுப்பு தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். எனவே நடுவில் தகடு போகும் பெல்ட், அதன் இரு பக்கமும் 24 அடுப்பு, அவற்றுக்கு வெளிப்புறம் ஆளுக்கொரு வரும் பெல்ட். வரும் பெல்ட்டில் ஒரு லேன் தாது, ஒரு லேன் நிலக்கரி. 24 அடுப்புக்கு விநாடிக்கு 7.5 தாது, அதுவே ஒரு லேனின் கொள்ளளவு. இப்படி இம்மி பிசகாமல் எண்கள் பொருந்தும்போது வருகிற திருப்தி லேசுப்பட்டதல்ல. பழக்கத்தின் வேர் அந்தத் திருப்திதான் என்பது என் கட்சி.

பொருந்திய சூட்டோடு அடுத்த குறை தலை தூக்கும்: கரன்ட்.

நெய்வேலி பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரி கன்வேயர் பெல்ட் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. வெட்டுகிற சக்கர இயந்திரமும், நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்கிற பம்புகளும் ஓடுவது மின்சாரத்தில். விளையாட்டிலும் அதே வட்டம்தான். பாய்லர் ஒன்று 1.8 மெகாவாட், அதற்கு ஸ்டீம் என்ஜின் இரண்டு. முழு பாரத்தில் ஒரு பாய்லர் விநாடிக்கு 0.45 நிலக்கரி எரிக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: 20 பாய்லர் வரிசை பழைய வாடிக்கை, ஆனால் நிலக்கரி ஒரு லேனில் மட்டும் வந்தால் 16 பாய்லருக்குத்தான் காணும். கடைசி நாலும் பட்டினி. பாரம் குறைவாக இருக்கும்வரை இது கண்ணிலேயே படாது.

பாரம் ஏறும் நாளில் எல்லா மெஷினும் கொஞ்சம் மெதுவாகும். நிலக்கரி டிரில்லும் கரன்டில் ஓடுவதுதானே, அதுவும் மெதுவாகும். நிலக்கரி குறையும், கரன்ட் இன்னும் குறையும், பாய்லருக்கு ஊட்டும் இன்சர்ட்டர் தூங்கி வழியும். சில நிமிடத்தில் மொத்த ஆலையும் படுத்துவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் இந்த நேரத்தில் பதறிப்போய் இன்னும் நாலு பாய்லர் கட்டுவார்கள். எரிக்கவே ஒன்றுமில்லாதபோது அடுப்பைக் கூட்டி என்ன பயன்?

முதலில் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கும் ஒரு கரன்ட் கம்பத்தைப் பிடுங்குங்கள். சுரங்கமும் பாய்லரும் ஒரு பக்கம், மீதியெல்லாம் மறுபக்கம் என்று பிரிந்துவிடும். நாலைந்து பாய்லருக்குக் கையாலேயே ஆளுக்கு 5 நிலக்கரி போடுங்கள். டிரில் வேகம் பிடித்து பெல்ட் நிரம்பிய பிறகு கம்பத்தைத் திரும்ப நடுங்கள். மறுபடி வராமலிருக்க, பாய்லர் முன்னால் இருக்கும் இன்சர்ட்டர்களை பர்னர் இன்சர்ட்டராக மாற்றிவிடுங்கள். அது கரன்டை நம்பி இல்லை. ஊட்டுகிற நிலக்கரியிலேயே தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நிலக்கரிப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கரைக் கம்பி போட்டு இணைத்து, 200க்குக் கீழே போனால் கத்தச் சொல்லலாம். படுத்த பிறகு எழுப்புவதைவிட அது மலிவு.

கரன்ட் சரியானதும் செம்பு குறையும், செம்பு சரியானதும் ஆலைப் புகைக்குப் பைட்டர்கள் என்ற பூச்சி எதிரிகள் வரும். எதை முடித்தாலும் அந்த முடிவிலேயே அடுத்த குறை தெரியும்படி கட்டப்பட்ட ஆட்டம் இது. அதனால் 'இதை மட்டும் முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன்' என்ற பேச்சு இங்கே எடுபடாது. போதாததற்கு விளையாட்டுக்குள் ஒரு நாள் என்பது கிட்டத்தட்ட 7 நிமிடம். இருட்டும், விடியும், திரும்ப இருட்டும். ஜன்னலுக்கு வெளியே விடிந்ததற்கு அப்புறம் மதிப்பேது?

ஆகவே நிறுத்துவதையும் கட்டுமான வேலையாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்த இடத்தில் நிறுத்தாதீர்கள், பாதியில் நிறுத்துங்கள். இனி கட்டவேண்டியதைக் காட்டும் ப்ளூபிரிண்ட் நிழல்களை மட்டும் தரையில் பரப்பிவிட்டு, வரைபடத்தைத் திறந்து அந்த இடத்தில் 'கிழக்குச் செம்பு, 12 டிரில் பாக்கி' என்கிற மாதிரி ஒரு குறிப்பு குத்திவிட்டு மூடுங்கள். மண்டையில் சுமந்துகொண்டு படுத்தால் தூக்கம் வராது, குறிப்பில் இறக்கிவைத்தால் வரும். காலையில் ஆறரைக்குப் பாண்டி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் வரைபடம் உருவாக்கும்போதே எதிரிகளை அணைத்துவிடுவது நல்லது. எழுந்திருக்கப் போகும் நேரம் பார்த்து வரும் தாக்குதல் எச்சரிக்கை ஒன்றரை மணி நேரத்தை விழுங்கும். தனியாக ஆடும்போது வெளியே வந்துவிட்டால் உள்ளே காலம் நின்றுவிடும், எதுவும் கெட்டுப்போகாது. நண்பர்களோடு சர்வரில் ஆடினால், அவர்கள் உள்ளே இருக்கும்வரை அந்தச் சலுகை இல்லை. அதனாலேயே வார நாளில் சர்வர் பக்கம் போகவேண்டாம் என்பேன்.

மணி நேரம் அதிகமாவதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டமே நிற்பது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சாதாரணமாக 12 மாதம் நீடித்தால்தான் கேமிங் கோளாறு என்கிறார்கள். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் ப்ளூபிரிண்ட் வித்தையெல்லாம் உதவாது. 14416க்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, கட்டணமில்லாமல் பேசலாம். ஜிப்மரில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

கடைசியாக நம்ம ஊருக்கே உரிய ஒரு சங்கதி. இந்த ஆட்டத்தில் யூபிஎஸ் என்றால் விநாடிக்கு எத்தனை முறை உலகம் கணக்கிடப்படுகிறது என்பது. நல்ல நிலையில் 60. ஆலை பெருத்தால், அல்லது மே மாதப் புழுக்கத்தில் லேப்டாப் சூடேறி வேகம் குறைத்துக்கொண்டால், 40க்கு இறங்கும். உள்ளே எல்லாமே மெதுவாக நகரும். மேஜைக்கடியில் இருக்கும் யூபிஎஸ் வேறு. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூரிலும் பாண்டியிலும் அது இல்லாமல் டெஸ்க்டாப்பில் ஆடுவது சூதாட்டம். ஆட்டோசேவை 5 நிமிடத்துக்கு வையுங்கள். பெரிய வரைபடத்தில் ஒவ்வொரு சேவுக்கும் திரை சில விநாடி உறையும், எரிச்சலாக இருக்கும். எரிச்சல்பட்டு 30 நிமிடத்துக்கு மாற்றினால், சேவாகும் சமயம் பார்த்துத்தான் கரன்ட் போகும்.