நார்த் கரோலினால பயோடெக் அசோசியேட் டிகிரி படிச்சேன், செலவும் வரவும் இதான்

நார்த் கரோலினால கேரிங்கற ஊர் பக்கம் இருக்குற நம்ம பொண்ணுங்க, முக்கியமா ஹெச்4ல, அதாவது வீட்டுக்காரரோட வேலை விசாவ ஒட்டி குடும்பத்துக்கு குடுக்கற விசால வந்து பல வருஷம் வீட்லயே இருந்துட்டு இப்பதான் கிரீன் கார்டு கைக்கு வந்தவங்க, மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்குறாங்க, "அக்கா அந்த ரெண்டு வருஷ பயோடெக் டிகிரி போட்ட காசுக்கு தேறுமா?"னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்ட கட்டிப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன்.

பீஸ் பெரிய விஷயமே இல்லங்க. நான் படிச்சப்ப இந்த ஸ்டேட் கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷ டிகிரி குடுக்கற அரசு காலேஜ்) உள்ளூர்க்காரங்களுக்கு கிரெடிட்டுக்கு, அதாவது பாடத்த அளக்கற ஒரு யூனிட்டுக்கு, 76 டாலர், 16 கிரெடிட்டுக்கு மேல எடுத்தாலும் செமஸ்டருக்கு 1,216 டாலரோட நின்னுடும். நாலு செமஸ்டருக்கு ஐயாயிரம் கூட வரல. வெளி ஸ்டேட் ஆளுங்களுக்கு அதுவே கிரெடிட்டுக்கு 268. அதனால டெக்சஸ்ல இருந்து வீடு மாத்திட்டு வந்த கையோட போய் சேந்துடாதீங்க, 12 மாசம் இங்க குடியிருந்து ரெசிடென்சி வாங்கிட்டு சேருங்க.

நான் ஏமாந்த இடம் பெல் கிராண்ட், அமெரிக்க அரசாங்கம் காலேஜ் படிக்க குடுக்கற உதவித்தொகை. வருஷத்துக்கு 7,395 டாலர் வரைக்கும் உண்டு, கிரீன் கார்டு இருந்தா அப்ளை பண்ணலாம், திருப்பிக் கட்ட வேணாம், சரி அதுலயே புக்ஸ் பெட்ரோல் எல்லாம் ஓடிடும்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டு வச்சிருந்தேன். ஆனா ஏற்கனவே பேச்சலர்ஸ் முடிச்சவங்களுக்கு பெல் கிடையாது, அது நம்ம ஊர்ல வாங்குன டிகிரியா இருந்தாலும் சரி. மதுரைல முடிச்ச என் பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரிய இன்டர்வியூக்கு போன எடத்துல எல்லாம் ஒருத்தரும் திரும்பிக்கூட பாக்கல, காலேஜ்ல உதவித்தொகை பாக்குற எய்டு ஆபீஸ்ல மட்டும் அத கரெக்டா டிகிரினு எண்ணிட்டாங்க.

நெஜமான செலவு வேற எடத்துல இருக்கு. லேப் கிளாஸ் மதியம் ஒன்னுல இருந்து நாலு வரைக்கும், பையன ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர டைமும் அதான். சின்னவளுக்கு டேகேர் மாசம் ஆயிரத்துக்கு மேல, பஸ்ஸ நம்ப முடியாதுன்னு ரெண்டாவதா ஒரு பழைய கார், அதுக்கு இன்சூரன்ஸ், இதெல்லாம் சேந்து ஒரு வருஷத்துலயே டியூஷன் பீஸ பல மடங்கு தாண்டிடுச்சு. அது போக ரெண்டு வருஷம் சம்பளமே இல்ல.

முடிச்சு மருந்து தயாரிக்கற பிளான்ட்ல சேந்த மொத நாள், கவுன் மாட்டுற ரூம்ல பக்கத்துல நின்ன பொண்ணு அதுக்கு முன்னாடி மளிகைக் கடை கவுன்டர்ல நின்னவ. பயோவொர்க்னு இங்க கம்யூனிட்டி காலேஜ்கள்ல ஒரு சர்டிபிகேட் இருக்கு, ஒரு செமஸ்டருக்குள்ள முடிஞ்சிடும், அத மட்டும் முடிச்சிட்டு வந்திருக்கா. அவளுக்கும் மணிக்கு 22 டாலர், எனக்கும் 22. ஏஜென்சி வழியா ஆறு மாச கான்ட்ராக்ட், பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

டிகிரியோட பலன் ஒன்றரை வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது, தரம் சோதிக்கற க்யூசி லேப்ல எடம் விழுந்தப்ப அசோசியேட் இருக்கறவங்க மட்டும்தான் அப்ளிகேஷன் போட முடிஞ்சது. நான் போயிட்டேன், மருந்துல என்னென்ன எவ்ளோ இருக்குனு பிரிச்சுப் பாக்குற ஹெச்பிஎல்சி மெஷின் ஓட்டுறேன், பகல் ஷிஃப்ட். அவ இன்னும் அங்கதான் இருக்கா, ஆனா கம்பெனி காசுலயே படிக்க ஆரம்பிச்சிட்டா. கம்பெனி குடுக்கற படிப்புச் செலவுல வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் வரி கிடையாது, இங்க கம்யூனிட்டி காலேஜ் பீஸுக்கு அது தாராளம். உண்மைய சொல்லணும்னா அவ ரூட்தான் புத்திசாலி ரூட்.

அதனால ஊர்ல பி.எஸ்ஸி முடிச்சவங்க மொதல்ல மார்க்ஷீட்ட கோர்ஸ் பை கோர்ஸா எவால்யுவேஷன் பண்ணி (அமெரிக்க படிப்புல எதுக்கு சமம்னு எழுதித் தர்றது) வாங்குங்க, பயோவொர்க் முடிச்சு உள்ள நுழைங்க, மிச்சத்த கம்பெனி காசுல பாத்துக்கலாம். பிளஸ் டூவோட கல்யாணமாகி வந்தவங்க கதை வேற, உங்களுக்கு பெல் கெடைக்க வாய்ப்பு இருக்கு, முழு டிகிரியும் தாராளமா படிங்க.

படிக்கறவங்க ஏ.எஸ்ஸா (அசோசியேட் இன் சயின்ஸ்) ஏ.ஏ.எஸ்ஸா (அசோசியேட் இன் அப்ளைடு சயின்ஸ்)ன்னு பாத்து சேருங்க. ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஏ.எஸ்ஸுக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டிகளோட டிரான்ஸ்பர் ஒப்பந்தம் இருக்கு. ஏ.ஏ.எஸ் நேரா வேலைக்குப் போறதுக்கு, பின்னாடி பேச்சலர்ஸ் போனா பாதி கிரெடிட் அந்தரத்துல நிக்கும், எனக்கு நின்னுது.

வேலையோட பேர பாத்தும் மயங்காதீங்க. கெமிக்கல் டெக்னீசியன் வேலைக்கு அசோசியேட் போதும், நாடு முழுக்க நடுத்தர சம்பளம் 2024ல வருஷத்துக்கு 57,000 டாலர் சொச்சம். பயாலஜிக்கல் டெக்னீசியன்னா அரசாங்கமே பேச்சலர்ஸ்தான் வழக்கம்னு போட்டிருக்கு, சம்பளமும் அதவிட கம்மி. நியூக்ளியர் டெக்னீசியனுக்கு அசோசியேட்டுக்கே ஒரு லட்சத்துக்கு மேல, ஹாரிஸ் அணுமின் நிலையம் நம்ம வீட்டுக்கு இவ்ளோ பக்கத்துல இருந்தும் நம்ம ஆளுங்க வாயில அது வந்தே நான் கேட்டதில்ல.

இன்னொன்னு, பிளான்ட்ல தூசி கிருமி வராம மருந்து தயாரிக்கற கிளீன் ரூமுக்குள்ள நகை மேக்கப் எதுவும் கூடாது. மூக்குத்தி, பொட்டு, தாலி எல்லாம் கழட்டி லாக்கர்ல வச்சிட்டுதான் உள்ள போகணும். நைட் ஷிஃப்ட்ல ரெண்டு மணி பிரேக்ல அம்மாவுக்கு போன் போட்டா மதுரைல காலைல பதினொன்றரை, "வீடியோல வாடி"ம்பாங்க. நெட்டு சரியில்லம்மான்னு சொல்லிட்டு ஆடியோலயே பேசி வச்சிடுவேன்.