ஹென்றி மெக்நீல் டர்னர்

ரெண்டு நாளா இந்த மனுஷன்தான் மனசுல ஓடிக்கிட்டிருக்கார்.

ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் என்ற, அமெரிக்கக் கறுப்பின மக்களே நடத்திய திருச்சபையின் போதகர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவுக்குப் பாதிரியாராகப் போனவர். போர் முடிந்ததும் ஜார்ஜியா மாநிலம் முழுக்கச் சுற்றிச் சபைகளை எழுப்பினார். கூடவே குடியரசுக் கட்சியையும் வளர்த்தார். நேற்றுவரை அடிமையாக இருந்தவர்களுக்குக் கூடிப் பேச வேறு எந்த இடம் இருந்தது?

1868இல் ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு உறுப்பினராகப் போனார். சில மாதங்கள்தான். செப்டம்பரில் வெள்ளையின உறுப்பினர்கள் கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்ற முடிவெடுத்தார்கள். சொன்ன காரணம்தான் கொடுமை: கறுப்பருக்கு ஓட்டுப் போடும் உரிமை உண்டாம், பதவி வகிக்கும் உரிமை கிடையாதாம்! ஓட்டு மட்டும் வேணும், ஆள் வேண்டாம்.

செப்டம்பர் 3ஆம் தேதி டர்னர் எழுந்தார். எந்தக் கட்சி முன்னாலும் குழைய மாட்டேன், என் உரிமையைப் பிச்சையாகக் கேட்க மாட்டேன் என்றார். நான் மனிதனா இல்லையா என்று அந்தச் சபையையே கேட்டார். வாசிக்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு. அப்படியும் வெளியேற்றினார்கள்.

வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு தலையிட்டு, ஜார்ஜியா மறுபடி ராணுவத்தின் பிடிக்குள் வந்த பிறகுதான், 1870இல் அவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. 1978இல் அட்லாண்டா சட்டமன்ற வளாகத்தில், வெளியேற்றப்பட்ட அந்த உறுப்பினர்கள் நினைவாகச் சிலை வைத்தார்கள். 110 வருஷம்!