சிவப்பு வெளுத்த இடம்

பெங்களூர் அல்சூர் வீட்டில் அம்மா மாடிப்படி இறங்கும்போது முழங்கால் நெறநெறவென்று சத்தம் போடும். அதைக் கேட்டுவிட்டுத்தான் தினமும் லேபுக்குக் கிளம்புகிறேன்.

அங்கே என் வேலை சுண்டெலி முழங்காலில் மூட்டுத் தேய்மானத்தை ஆராய்வது. மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸைப் பிடித்திருக்கும் சின்ன இணைப்பு நார் ஒன்றை அறுத்துவிட்டால், 8 வாரத்தில் குருத்தெலும்புச் சேதம் தெளிவாகத் தெரியும். எலும்பிலிருந்து கால்சியத்தை ஈடிடிஏ என்ற ரசாயனக் கரைசலில் கரைக்கவே இரண்டு வாரம் பிடிக்கும். பிறகு மெழுகில் பதித்து, 5 மைக்ரான் கனத்தில் சீவி, சஃப்ரானின்-ஓ சாயம் ஏற்றுவேன். நல்ல குருத்தெலும்பு குங்குமமாய்ச் சிவக்கும். குருத்தெலும்பில் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் என்ற பொருள் போன இடம் வெளுத்துக் கிடக்கும்.

நேற்றைய ஸ்லைடில் மேல்பரப்பு நார்நாராய்ப் பிரிந்திருந்தது. அடியில் எலும்பு தடித்து, மஜ்ஜைக்கு இடம் விடாமல் இறுகியிருந்தது. ஓரத்தில் புது எலும்பு முளை வேறு.

தேய்மானம் என்ற சொல் எனக்குப் போதவில்லை. ஒரு பக்கம் கரைகிறது, இன்னொரு பக்கம் வளர்கிறது. டயர் இப்படித் தேயாது.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த எலிக்கு வலிக்காதாடி?"

"வலிக்கும்மா. நாளாக நாளாக அந்தக் காலில் பாரம் குறைச்சுதான் ஊன்றும்."

அம்மா தன் வலது முழங்காலை மெல்ல நீவிக்கொண்டாள்.